ஜிப்ஸியின் ஒரு சக்கரம் மட்டும் கொதிப்பது ஏன்?

கேள்வி: என் மாருதி ஜிப்ஸி ஓடை, சேறு என்று நிறைய அலைகிறது. பத்து கிலோமீட்டர் ஓடினாலே முன் இடது சக்கரத்தில் கருகல் வாடை. வண்டியும் இடப்பக்கம் இழுக்கிறது. பிரேக் பேட் புதிதாக மாற்றியும் தீரவில்லை. எங்கே பார்ப்பது?

பதில்: பேட் மேல் பழி போட வேண்டாம், அது சிறை பிடிபட்ட பொருள். பிடித்து வைத்திருப்பது பிரேக் ஆயிலின் அழுத்தமா, இரும்பின் இறுக்கமா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். ஆறிய வண்டியில் கோளாறு ஒளிந்துகொள்ளும். ஓட்டி வந்து, சக்கரம் பிடித்திருக்கும்போதே பாருங்கள். கொதிக்கிற டிஸ்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும்.

பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பெடலை நான்கைந்து முறை அழுத்திவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுகியிருந்தால், கண்ணாடியும் கையுறையும் போட்டு பிளீடர் நிப்பிளை (சக்கரத்தில் பிரேக் ஆயிலை வெளியே விடும் சிறு திருகை) கால் சுற்று திறவுங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. ஒரே சக்கரம் என்பதால் சந்தேகம் அந்தச் சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் மேல். உள்சுவர் உப்பி அடைத்திருக்கும். காலால் மிதிக்கிற வேகத்தில் ஆயில் போய்விடும், திரும்பி வர வழியிருக்காது. வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும்! நிப்பிளை மூடி, மறுபடி மிதித்து, ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அப்போதும் சக்கரம் விடவில்லையென்றால் ஹோஸ்தான். இரண்டு பக்கமும் மாற்றுங்கள். நட்டைத் தளர்த்தியதுமே சக்கரம் விடுபட்டால் கோளாறு மேலே, பெடல் மிதிப்பை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம்.

பிளீடர் திறந்தும் சக்கரம் அசையாவிட்டால், பேட்டை டிஸ்கில் அழுத்தும் கவ்வியான காலிப்பரைக் கழற்றுங்கள். உள்பேட் தேய்ந்து வெளிப்பேட் தடியாக இருந்தால், காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. கிழிந்த பூட் (ரப்பர் உறை) வழியாகச் சேற்றுநீர் புகுந்து துரு ஏறியிருக்கும். ஸ்லைடு பின் விரல் பலத்திலேயே வழுக்க வேண்டும். துரு குழி விழுந்ததை மாற்றிவிடுங்கள். பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் மட்டும் போடுங்கள். சாதா கிரீஸில் ரப்பர் ஊதிவிடும். பேட்டைத் தள்ளும் பிஸ்டனை சி-கிளாம்ப்பால் அழுத்துங்கள், சீராக உள்ளே போகாவிட்டால் பிஸ்டன், சீல் கிட் மாற்றம். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல், முறுக்கு அவிழ்ந்துதான் அதை உள்ளே இழுக்கிறது. துருப்பிடித்த பிஸ்டனை அதனால் இழுக்க முடியாது.

இரு முன்சக்கரமும் சேர்ந்து பிடித்தால் கதையே வேறு: மாஸ்டர் சிலிண்டரின் சிறு துளை அடைப்பு, அல்லது பெடலிலிருந்து அதைத் தள்ளும் புஷ்ராடில் இடைவெளியே இல்லாமை. யாராவது பிரேக் ஆயில் டேங்கில் இன்ஜின் ஆயில் ஊற்றியிருந்தால் ரப்பர் அத்தனையும் போச்சு.

சூடேறிய ஆயிலையும் மாற்றுங்கள். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும் தரம். ஈரம் உறிஞ்சியபின் 140தான். இறக்கத்தில் பெடல் பஞ்சு போலாவது அதனால்தான்.

வேலை முடிந்து ஐந்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி, இரு முன்சக்கர ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதியின்) சூட்டையும் ஒப்பிடுங்கள். சக்கரம் இலகுவாகச் சுற்றியும் இடது ஹப் மட்டும் சுட்டால், டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் வேலை.