தடை செய்ததென்று சொன்னார்களே, பிறகு எப்படி வந்தது?

கேள்வி: மகனுக்கு 14 வயது, 9ஆம் தரம். கணவர் கட்டாரில். பத்து நாளைக்கு முன் மகனின் போனில் ஆபாசப் படங்கள் பார்த்திருந்ததைக் கண்டேன். ஆத்திரத்தில் கை நீட்டிவிட்டேன். போனையும் சார்ஜரையும் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை; சாப்பிட்டதும் அறைக்குள் போய்விடுகிறான். இந்தத் தளங்களை அரசாங்கம் தடை செய்ததென்று சொன்னார்களே, பிறகு எப்படி வந்தது? போன் கடைப் பையனிடம் கொடுத்து எல்லாவற்றையும் மூடச் சொல்லவா? கணவருக்குச் சொல்லவா? பிள்ளை கெட்டுப்போய்விட்டானா?
ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். பிள்ளை கெட்டுப்போகவில்லை. அந்த வயதில் உடம்பு ஆயிரம் கேள்வி கேட்கும். அவன் விடை தேடிப் போன இடம்தான் பிழை. வேறு இடம் அவனுக்கு இருந்ததா என்பதைப் பிறகு பார்ப்போம்.

தடை இருப்பது உண்மை. ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் 1927ஆம் ஆண்டுக்குரியது, வெள்ளைக்காரன் அச்சுப் புத்தகத்தை நினைத்து எழுதியது. 2009இல் பொலிஸார் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கி, சில தளங்களை மூடுவித்தார்கள். மூடுவது என்றால், நமக்கு இணையம் தரும் கம்பெனி தன் பக்கத்து வாசலை அடைக்கும், அவ்வளவுதான். படம் வெளிநாட்டில் ஏதோ ஒரு கணினியில் அப்படியே கிடக்கும். வி.பி.என். என்ற ஆப்பைப் போட்டால் உங்கள் போன் சிங்கப்பூரில் இருப்பதுபோல் நடித்து இன்னொரு வாசலால் உள்ளே போய்விடும்.

இதை மகனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கூட்டாளிமாரைத் திட்டாதீர்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் ஒரு வாரத்துக்கு மேல் நின்றதே, அப்போது வெளிநாட்டில் இருப்பவர்களோடு நாம் எப்படிக் கதைத்தோம்? எனக்குப் பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து வி.பி.என். போட்டுத் தந்தான். 2018 மார்ச்சிலும் 2022 ஏப்ரலிலும் இதே கதைதான். நாடே அப்படித்தான் பழகியது. லண்டனில் இருக்கும் உங்கள் சொந்தக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அங்கே 2025 ஜூலையிலிருந்து இந்தத் தளங்களுக்குள் போக வயதை நிரூபிக்க வேண்டும். சட்டம் வந்த கையோடு அங்கேயும் வி.பி.என். இறக்குகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

அதற்காகப் பூட்டே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தேடாமலே வந்து விழுகிற படங்களை அது ஓரளவு தடுக்கும். கூகுளில் தேடும்போது ஆபாசப் படங்களை வடிகட்ட சேஃப் சேர்ச் இருக்கிறது, பிள்ளையின் போனைப் பெற்றோர் கவனிக்க ஃபேமிலி லிங்க் என்ற ஆப் இருக்கிறது. வீட்டில் ரவுட்டர் இருந்தால் அதன் செட்டிங்கில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 1.1.1.3 என்று போட்டால் பெரும்பாலான ஆபாசத் தளங்கள் திறக்காது. ஒரு சதமும் செலவில்லை. ஆனால் கடைப் பையனிடம் மட்டும் கொடுக்காதீர்கள். உப்புவெளியில் ஒரு கடைக்குத் தெரிந்தால் நிலாவெளி வரைக்கும் தெரியும். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவனுக்குச் சொல்லியே போடுங்கள்.

இனி அந்த வேறு இடம். நம் ஊரில் ஒரு மகள் பெரிய பிள்ளையானால் ஹோல் எடுத்து, கார்ட் அடித்து, வீடியோக்காரனைப் பிடித்துச் சாமத்திய வீடு செய்கிறோம். ஊருக்கே சொல்கிறோம். அந்தப் பிள்ளைக்கு மட்டும் உடம்பில் என்ன நடக்கிறதென்று ஒருவரும் சொல்வதில்லை. மகனுக்கு அந்த ஆலாத்தியும் இல்லை. குரல் உடைந்தால் சிரிக்கிறோம். இரவில் உடுப்பு நனைந்தால் அவன் தனக்கு ஏதோ வியாதி என்று பயந்துகொண்டு விடிய எழும்பித் தானே கழுவிப் போடுகிறான். யாரிடம் கேட்பான்? பாடசாலையில் சுகாதாரப் பாடம் இருக்கிறதுதான். நான் படிக்கும்போது ஆசிரியை அந்தப் பக்கங்களை “வீட்ட போய் வாசியுங்கோ” என்று தாண்டினார். வீட்டில் அம்மா “அதெல்லாம் பள்ளிக்கூடத்தில சொல்லித் தருவாங்கள்” என்றார். போதாக்குறைக்கு ‘விந்து விட்டான் நொந்து கெட்டான்’ என்று ஒரு பழமொழி வேறு. இந்தியச் சனல்களில் இரவில் ‘இளமைத் தவறு’ என்று பயங்காட்டி மருந்து விற்கிறவர்களின் மூலதனமே அந்தப் பழமொழிதான். இரவில் தானாக வெளியேறுவதாலோ சுயஇன்பத்தாலோ நரம்பும் தளராது, எலும்பும் உருகாது. இதை அவன் காதில் ஒருவர் போட்டே ஆகவேண்டும்.

வீட்டுக்குள் முகத்துக்கு முகம் இருத்தி வைத்துக் கேட்டால் வாய் திறக்கமாட்டான். பின்னேரம் டச்சுக்குடாக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். ஆளுக்கொரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்து இருங்கள். கண்ணைப் பார்க்கத் தேவையில்லாத இடத்தில்தான் ஆண்பிள்ளைகள் கதைப்பார்கள். அங்கே திரியும் மான் ஒன்று வந்து சரையை முகரும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதலில் “தம்பி, அண்டைக்கு நான் அடிச்சது பிழை” என்று சொல்லுங்கள். அப்புறம் சுருக்கமாக: “நீ பாத்தது காசுக்கு நடிக்கிறது, வெட்டி ஒட்டினது. சிலதில அந்தப் பொம்பிளைக்குத் தெரியாமலே எடுத்ததும் இருக்கு. உண்மையில ஒருத்தரை ஒருத்தர் கேட்டு, ரெண்டு பேருக்கும் விருப்பம் எண்டாத்தான்.” அவன் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. கேட்டிருப்பான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ரியூசன் வட்ஸ்அப் குரூப்பில் கூடப் படிக்கிற பிள்ளையின் படம் ஏதாவது வந்தால் யாருக்கும் அனுப்பக்கூடாது, வைத்திருக்கவும் கூடாது. 1995இல் தண்டனைச் சட்டக் கோவையில் சேர்த்த 286ஏ பிரிவின்படி 18 வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவதும் குற்றம், கையில் வைத்திருப்பதும் குற்றம். பெடியன்மார் விளையாட்டாகத்தான் அனுப்புகிறார்கள், அந்தப் பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தையே விட்டுவிடுகிறாள். யாராவது படத்தை வைத்து அவனை மிரட்டினால் ஒளிக்காமல் உங்களிடம் வரச் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாக எடுக்கலாம்.

கணவருக்குச் சொல்லுங்கள், ஆனால் முறைப்பாடாக வேண்டாம். வெள்ளிக்கிழமை லீவில் ஆறுதலாக இருக்கும்போது சொல்லி, மகனோடு அவரையே கதைக்கச் சொல்லுங்கள். கத்தினார் என்றால், அவருடைய காலத்தில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, சின்னப் பிள்ளைகள் நித்திரையான பிறகு பெடியன்மார் என்ன படம் போட்டார்கள் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். வெட்கமாக இருக்கிறது என்று அவர் நழுவினால் உங்கள் தம்பியோ அண்ணனோ இருந்தால் கேளுங்கள். இதற்கு ஒரு ஆம்பிளையின் வாய் வேண்டும். அம்மா சொல்வதைவிட மாமா சொல்வது சில இடங்களில் சுலபமாக ஏறும்.

போனை இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள், ரியூசன் நோட்ஸ் எல்லாம் அதில்தான் வருகிறது. படுக்கப் போகும்போது போன் ஹோலில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. சார்ஜரையும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.