இரண்டு வேட்டை நாய்களை இரவில் ஒன்றாக ஓடவிடலாமா?

காரைக்குடிப் பக்கம் இரண்டு சிப்பிப்பாறை நாய்களை இரவில் சேர்த்து அவிழ்த்துவிடுவது பாதுகாப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும் இனங்கள். ஒரே இலக்கைத் துரத்தும்போது இரண்டுமே பக்கத்தில் வரும் துணையைக் கவனிப்பதில்லை. இலக்கு சட்டென்று திரும்பினால் முழு வேகத்தில் ஒன்றோடொன்று மோதும். மெலிந்த கால் எலும்பு முறியவும் கழுத்தில் அடிபடவும் அந்த ஒரு மோதல் போதும். பகலிலும் நடக்கக்கூடிய விபத்துதான். இரவில் நாய் எங்கே விழுந்தது என்பதே உங்களுக்குத் தெரியாது. டார்ச் ஒரு திசையைத்தான் காட்டும், நாய்களோ இரண்டு.

செட்டிநாட்டு நிலமும் இரக்கமற்றது. கண்மாய்க் கரையெங்கும் சீமைக்கருவேல முள், கைப்பிடிச் சுவரில்லாத பழைய கிணறுகள், முள்கம்பி வேலிகள். பன்றிக்காக யாராவது திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலி இருந்தால் நாயோடு நீங்களும் போய்விடுவீர்கள். கண்ணாடிவிரியன் இரை தேடுவதும் பெரும்பாலும் இரவில்தான்.

முயலுக்காக என்றால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

விடியற்காலையில், வெளிச்சம் வந்தபின், வேலி அடைத்த தோப்பில் ஒவ்வொன்றாக ஓடவிடுங்கள். இரவில் கயிற்றில் பிடித்து நடத்தினால் போதும். திரும்பியதும் பாதங்களில் முள் பாருங்கள். முகமோ காலோ வீங்கியிருந்தால் காலை வரை காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.