பாஸ்வேர்டு ஏன் காலண்டர் அட்டையில இருக்கு? – மும்பை வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. தாராவியில ஒரு மகளிர் சேமிப்புக் குழுவுக்கு வெப்சைட் பண்ணிக் கொடுத்திருக்கேன். மெம்பருங்க பெரும்பாலும் இட்லி, முறுக்கு வியாபாரம் பண்ற அக்காங்க, மாசாமாசம் கட்டின பணம், கடன் பாக்கி எல்லாம் அதுல பார்த்துக்கலாம். செக்யூரிட்டி டைட்டா இருக்கணும்னு கமிட்டியில சொல்லி, 12 எழுத்து பாஸ்வேர்டு, அதுல கேப்பிட்டல், நம்பர், ஸ்பெஷல் கேரக்டர் கட்டாயம், 30 நாளைக்கு ஒருதரம் மாத்தணும், ரெண்டு நிமிஷம் தொடலன்னா லாக் அவுட், கூடவே கேப்சா (உடைஞ்ச எழுத்த படிச்சு அடிக்கிற புதிர்), இவ்வளவும் போட வச்சாங்க. இப்ப யாருமே லாகின் பண்றதில்ல, எனக்கே போன் பண்ணி பாக்கி கேக்கறாங்க, நானும் பார்த்து சொல்லிட்டு இருக்கேன். கமிட்டிகிட்ட என்ன பேசறது?
– பெயர் வேண்டாம், செம்பூர்

பதில்: தங்கச்சி, உன் லெட்டர படிச்சதும் சயான்ல எங்க பெரியம்மா வீட்டு காலண்டர்தான் ஞாபகம் வந்துச்சு. தினம் தேதி கிழிக்கிற காலண்டர், மேல முருகன் படம், அந்த அட்டை ஓரத்துல பேனாவால முருகா@1னு எழுதி அடிச்சிருக்கு, அதுக்குக் கீழ முருகா@2, அதையும் அடிச்சு, இப்படியே முருகா@7 வரைக்கும் வந்து நிக்குது. இங்கிலீஷ்ல எழுதினா 8 எழுத்து, முதல் எழுத்து கேப்பிட்டல், நம்பர் இருக்கு, ஸ்பெஷல் கேரக்டர் இருக்கு, மாசாமாசம் மாத்தியும் இருக்காங்க. அவங்க பயன்படுத்தற சைட்டோட ரூல் ஒண்ணுகூட மீறல. ஆனா காபி குடிக்க வர்றவங்க யார் வேணா படிக்கலாம், அடுத்த மாசம் என்ன பாஸ்வேர்டுன்னு குழந்தைகூட சொல்லிடும். பெரியம்மாவ நான் குத்தம் சொல்லவே மாட்டேன், அந்த சைட்ட கட்டினவங்க அவங்களுக்கு வேற வழியே விடல.

இந்த கேப்பிட்டல், நம்பர் ரூலெல்லாம் பெரிய அளவுல பரவினதுக்கு அமெரிக்க அரசோட தரம் வகுக்கிற நிஸ்ட் அமைப்பு 2004-ல போட்ட வழிகாட்டி ஒரு முக்கிய காரணம். அதை எழுதின பில் பர், ரிட்டயர் ஆனப்புறம் 2017-ல ஒரு பத்திரிகைகிட்ட, தான் எழுதினதுல நிறைய விஷயத்துக்கு இப்ப வருத்தப்படறதா வெளிப்படையாவே சொன்னார். அதே வருஷம் நிஸ்ட்டும் மாத்திக்கிச்சு, 2025 பதிப்புல இன்னும் கண்டிப்பா எழுதிட்டாங்க: இத்தனை நாளைக்கு ஒருதரம் மாத்துன்னு கட்டாயப்படுத்தக் கூடாது, வெளிய கசிஞ்சதா தெரிஞ்சா மட்டும் மாத்தச் சொல்லு, இந்த கேரக்டர் அந்த கேரக்டர்னு கலக்கச் சொல்லாத, நீளமா வைக்க விடு. பாஸ்வேர்டு மட்டுமே காவல்னா குறைஞ்சது 15 எழுத்து வேணுங்கறாங்க. 15-ஆன்னு பயப்படாத, "மாவு அரைக்க நாலு மணி"ன்னு இங்கிலீஷ் எழுத்துல நடுவுல இடம் விட்டு அடிச்சுப் பாரு, 24 வந்துடும், மாவு அரைக்கிற அக்காவுக்கு அது மறக்கவே மறக்காது (இது அச்சாயிடுச்சு, இதையே யாரும் வச்சுக்காதீங்க).

உன் குழுவுக்கு பாஸ்வேர்டே வேணாம், ஓடிபி போதும்னுதான் நான் சொல்லுவேன். யோசிச்சுப் பாரு, ஓடிபி வெறும் ஆறு நம்பர், பத்து லட்சம் விதம்தான், ஒரு கம்ப்யூட்டருக்கு அது ஒண்ணுமே இல்ல. ஆனாலும் யாரும் ஊகிச்சு உள்ள வர முடியறதில்லன்னா, சர்வர் அஞ்சு தடவைக்கு மேல விடாது, அஞ்சு நிமிஷத்துல அந்த நம்பர் செத்துடும்ங்கறதாலதான். சுமைய சர்வர் தூக்கிக்குது, அக்கா தலையில ஏத்தல. அந்த நம்பர் அடிக்கிற கட்டத்துல நம்பர் கீபோர்டு மட்டும் வர்ற மாதிரியும், எஸ்எம்எஸ்ல வந்த கோட போனே எடுத்துக் கொடுக்கிற மாதிரியும் வை, கோட எடுக்கறதுக்கு ஆட்டோகம்ப்ளீட்ல ஒன் டைம் கோட்னு ஒரு வரி எழுதினா பல போன்ல உதவும். ஆனா முதல்ல மெம்பர் லிஸ்ட்ட எடுத்து வச்சுக்கிட்டு, பதிஞ்சிருக்கிற நம்பர் யார் கையில இருக்குன்னு ஒவ்வொருத்தரா கேளு, ஏன்னா நிறைய வீட்டுல அது பையன் போனா இருக்கும், அம்மாவோட கடன் பாக்கி அவனுக்குத் தெரிய வேணாம்னு அந்த அம்மா நினைக்கலாம்.

ரெண்டு நிமிஷ லாக் அவுட்ட எடுத்துடு, அடுப்புல பால் பொங்குதுன்னு எழுந்து போயிட்டு வந்தா திரும்ப முதல்ல இருந்தா? சொந்த போன்ல பாக்கி பார்க்கறதுக்கு பல நாள் லாகின்லயே இருக்கட்டும், கடன் கேக்கும்போதும் பேங்க் அக்கவுண்ட் நம்பர மாத்தும்போதும் மட்டும் இன்னொரு தடவை ஓடிபி கேளு. நகை பீரோவுலதானே இருக்கு, தெருமுனைலயே பூட்டுப் போட்டு என்ன பண்றது? லாக் அவுட் வேணும்னே கமிட்டி நின்னா, முன்னாடியே "இன்னும் இருக்கீங்களா"ன்னு கேட்டு ஒரு பெரிய பட்டன் காட்டு, அத அமுக்க குறைஞ்சது 20 செகண்ட் கொடுக்கணும்னு வெப் அணுகல் தரத்துலயே (கண்ணு, கை சரியா இல்லாதவங்களும் சைட்ட பயன்படுத்தறதுக்கான விதி) இருக்கு. கேப்சாவும் அப்படித்தான், 2023 அக்டோபர்ல வந்த அந்தத் தரத்தோட 2.2 பதிப்பு, ஞாபகம் வச்சோ புதிர விடுவிச்சோதான் உள்ள வரணும்னு ஆக்காத, வேற வழியும் கொடுன்னு சொல்லுது. கண்புரை இருக்கிற பாட்டிய உடைஞ்ச எழுத்து படிக்கச் சொல்றது எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமா இருக்கு.

கமிட்டியில இத மட்டும் சொல்லு. இப்ப யார் போன் பண்ணி ஒரு பேர் சொன்னாலும் நீ பாக்கிய படிச்சு சொல்ற இல்ல, அந்தப் பக்கம் பேசறது அந்த அக்காதானான்னு உனக்கு எப்படித் தெரியும்? அவ்வளவு பூட்டும் போட்டு கடைசியில பின்வாசல் திறந்து கிடக்கு. இத கேட்டா தலைவியம்மா கண்டிப்பா யோசிப்பாங்க, அதுவரைக்கும் போன்ல பாக்கி சொல்றத இன்னைக்கே நிறுத்திடும்மா.

கேள்வி: சில சைட்ல பாஸ்வேர்டு கட்டத்துல பேஸ்ட் பண்ண விடறதே இல்ல, அது பாதுகாப்புக்கா சார்?
– ஒரு வாசகர், மாட்டுங்கா

பதில்: பாதுகாப்புன்னு நினைச்சுத்தான் போடறாங்க, ஆனா நேர் எதிர். பாஸ்வேர்டு மேனேஜர் (பாஸ்வேர்டெல்லாம் சேர்த்து வச்சுக்கிற ஆப்) வச்சிருக்கிறவர் 20 எழுத்து பாஸ்வேர்ட பேஸ்ட்தான் பண்ணுவார், அத தடுத்தா கையால அடிக்க சுலபமா சின்னதா ஒண்ணு வச்சுப்பார். அதுலயும் மேனேஜர் சைட் அட்ரஸ பார்த்துத்தான் தானா நிரப்பும், ஒரு எழுத்து மாறின போலி சைட்ல நிரப்பாம நின்னுடும், நம்ம கண்ணு அவசரத்துல அத பார்க்காது. பிரிட்டன் அரசோட சைபர் பாதுகாப்பு மையம் 2017-லயே பேஸ்ட்ட தடுக்காதீங்கன்னு எழுதிட்டாங்க. பணம் அனுப்பும்போது அக்கவுண்ட் நம்பர ரெண்டாம் தடவை கையால அடிக்கச் சொல்றது வேற, அது நம்ம தப்ப நாமளே பிடிக்க, அதுல ஒரு நியாயம் இருக்கு.

கேள்வி: அட்ரஸ் பக்கத்துல பூட்டுப் படம் இருந்தா அந்த சைட்ட நம்பலாமா?
– ஒரு வாசகி, ஆண்டாப் ஹில்

பதில்: நம்பாதீங்கம்மா. நீங்க அடிக்கிறத நடுவுல யாரும் படிக்க முடியாதுங்கறது மட்டும்தான் அதுக்கு அர்த்தம், அந்தப் பக்கம் இருக்கிறவன் திருடனா இல்லையான்னு அது சொல்லாது, போலி சைட்டுக்கும் அந்தப் பூட்டு ஃப்ரீயா கிடைக்குது. ஜனங்க தப்பா புரிஞ்சுக்கறாங்கன்னுதான் க்ரோம்ல 2023-ல அந்தப் படத்தையே எடுத்துட்டாங்க. பேங்க் அட்ரஸ மெசேஜ்ல வந்த லிங்க்ல தொடாம, பாஸ்புக்ல இருக்கிறத பார்த்து நீங்களே அடிங்க. பணம் போயிடுச்சுன்னா வெக்கப்படாம உடனே 1930-க்கு போன் பண்ணுங்க.