மகள் தானாகவா ஒடுங்கிப் போகிறாள்?
துறுதுறுவென்று இருந்த மகள் எட்டாவதுக்குப் பிறகு ஏன் ஒடுங்கிவிட்டாள் என்று பென்னாகரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தானாக நடப்பதில்லை இது. 2017இல் 'சயின்ஸ்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், பெண்களும் அதிபுத்திசாலிகள் என்ற நினைப்பு சிறுமிகளிடம் ஆறு வயதிலேயே குறையத் தொடங்கியது.

நம் பக்கம் இதோடு வீட்டு வேலையும் சேர்கிறது. தம்பி டியூஷன் போகும் நேரத்தில் அக்கா குடம் தூக்குகிறாள், களி கிண்டுகிறாள். மதிப்பெண் இறங்குகிறது, 'இவளுக்குக் கணக்கு வராது' என்கிறோம், அவளும் நம்பிவிடுகிறாள். வயசுக்கு வந்ததும் விளையாட்டையும் நிறுத்திவிடுகிறோம், அநியாயமாக.

ஒரு வாரம் அக்கா, தம்பி இருவரின் மாலை 5 முதல் 8 மணி வரை எப்படிப் போகிறது என்று எழுதிப் பாருங்கள். பிறகு வேலையைப் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். 'அடக்கமான பொண்ணு' என்று மெச்சாதீர்கள். தப்பான கணக்கைத் திரும்பப் போட்டாளே, அதை மெச்சுங்கள். 18 வயதுக்குள் கல்யாணப் பேச்சு எடுத்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.