காலேஜ் ஃபுட்பால் டீமுக்கு வரப்போற புது ஹெட் கோச் தேறுவாரா மாட்டாரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்தக் கேள்விய பாத்ததும் தாண்டிப் போயிடலாம்னுதான் நெனச்சேன், முடியல. இதே விஷயத்துலதான் எங்க ஆபீஸ் பேன்ட்ரி சுவத்துல என் மானம் நாலரை வருஷம் தொங்கிச்சு.

முதல்லயே சொல்லிடறேன், இது அமெரிக்கன் ஃபுட்பால், மெஸ்ஸி ஆடுறது இல்ல. "கைல தூக்கிட்டு ஓடுறதுக்குப் பேரு ஃபுட்பாலா"ன்னு கமெண்ட் போடப்போறவங்க இப்பவே போட்டுட்டுக் கிளம்பிடுங்க. கேட்டவர் அனேகமா இப்பதான் மாஸ்டர்ஸ் படிக்க வந்திருப்பீங்க, லேப்ல எல்லாரும் கோச்சு கோச்சுன்னு பேசுவாங்க, உங்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. நானும் அப்படித்தான் 2015 ஆகஸ்ட்ல நெப்ராஸ்கா மாநிலம் லிங்கன்ல வந்து எறங்குனேன். இந்த மாநிலத்துல என்எஃப்எல் (ப்ரொஃபஷனல் ஃபுட்பால் லீக்) டீமும் கிடையாது என்பிஏ டீமும் கிடையாது. இருக்குறது இந்த ஒரே யூனிவர்சிட்டி டீம்தான். 1962லேருந்து ஒரு மேட்ச் விடாம மெமோரியல் ஸ்டேடியம் ஹவுஸ்ஃபுல். மேட்ச் நாள்ல ஸ்டேடியத்துக்குள்ள இருக்குற கூட்டம் ஒமாஹா, லிங்கனுக்கு அடுத்த மூணாவது பெரிய ஊரு.

வந்த கொஞ்ச நாள்லயே ரூம்மேட் மேட்ச்சுக்கு இழுத்துட்டுப் போனான். புது ஹெட் கோச் மைக் ரைலிக்கு அதுதான் மொத மேட்ச், எதிர்ல பிஒய்யூ (பிரிகாம் யங் யூனிவர்சிட்டி). கடைசி செகண்டுல அவங்க சாமியக் கும்பிட்டுத் தூக்கி எறிஞ்ச பந்த அவங்க ஆளே புடிச்சான், 33-28 காலி. மொத்த ஸ்டேடியமும் எழவு வீடு மாதிரி ஆயிடுச்சு. பக்கத்து சீட்டு பாட்டி என்னைப் பாத்து "வெல்கம் டு நெப்ராஸ்கா"ன்னாங்க. அன்னிக்கு மாட்டுனவன்தான்.

ரைலிய ஏன் கூட்டிட்டு வந்தாங்கங்கறதுலயே உங்க கேள்விக்குப் பாதி பதில் இருக்கு. அவருக்கு முன்னாடி இருந்த போ பெலினி ஏழு வருஷமும் ஒன்பது ஜெயிப்புக்குக் குறைஞ்சதே இல்ல, ஆனா வாய் ஜாஸ்தி, கோவம் ஜாஸ்தி. அவரை அனுப்பிட்டு, அதுக்கு நேர் எதிரா ஒரு தங்கமான மனுஷனைத் தேடிப் புடிச்சாங்க. மூணு சீசன்ல 19-19, அதாவது 19 ஜெயிப்பு, 19 தோல்வி. முதல் மாப்பிள்ளை குடிகாரன்னு அடுத்த தடவை குடிக்காதவனா மட்டும் பாத்து, வேலைக்குப் போறானான்னு கேக்காம கட்டிக் குடுத்த கதை.

இப்ப என் கதைக்கு வரேன். 2017 டிசம்பர்ல ஸ்காட் ஃப்ராஸ்ட்டை கூட்டிட்டு வந்தாங்க. லிங்கன்ல பொறந்தவர், 1997ல நெப்ராஸ்கா நேஷனல் சாம்பியன் ஆனப்ப குவார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர்), அப்பா இதே டீம்ல ஆடுனவர், அம்மா 1968 ஒலிம்பிக்ஸ்ல வட்டு எறிஞ்சவங்க. யுசிஎஃப்ல, அதாவது சென்ட்ரல் ஃப்ளோரிடா யூனிவர்சிட்டில, 0-12ல கெடந்த டீமை ரெண்டே வருஷத்துல 13-0 ஆக்குனவர். இதுக்கு மேல என்ன ஜாதகப் பொருத்தம் வேணும்? நான் அப்ப ஒரு இன்சூரன்ஸ் கம்பெனில டேட்டா அனலிஸ்ட்டா சேந்த புதுசு. சும்மா இருக்காம எக்செல்ல ஒரு ஷீட்டு போட்டேன். நூறு மார்க், அதுல "சொந்த மண்"ணுக்கு மட்டும் 20. ஃப்ராஸ்ட்டுக்கு 94 வந்துச்சு. கீழ "மூணு வருஷத்துல சாம்பியன்ஷிப்"னு போல்டுல அடிச்சு டீம் முழுக்க மெயில் அனுப்புனேன். என் மேனேஜர் பக்கத்து மாநிலத்து அயோவா டீமோட ஃபேன். ஒண்ணும் சொல்லல. பிரின்ட் எடுத்து காபி மெஷினுக்கு மேல செலோடேப் போட்டு ஒட்டிட்டாரு.

4-8. 5-7. 3-5. 3-9. ஒவ்வொரு சீசன் முடிஞ்சதும் அந்த பேப்பர்ல சிவப்பு பேனாவுல ரிசல்ட்டை எழுதுவாரு, மனுஷன் கையெழுத்து வேற முத்து முத்தா இருக்கும்.

எங்க தப்பு பண்ணேன்னா, 0-12 ன்னு பாத்ததும் யுசிஎஃப் ஒண்ணுமில்லாத டீம்னு முடிவு பண்ணிட்டேன். அதே யுசிஎஃப்தான் 2013 சீசன்ல 12-1, ஃபியஸ்டா பவுல் (சீசன் முடிஞ்சதும் நல்லா ஆடுன டீமுங்களுக்கு வைக்குற பெரிய மேட்ச்) வேற ஜெயிச்சுது. ஒரு கை இல்லாமலே கலக்குன ஷகீம் கிரிஃபின் எல்லாம் பழைய கோச் காலத்துலயே வந்து சேந்தவர். ஃப்ராஸ்ட் அவங்களை நல்லா பயன்படுத்துனார், மறுக்கல. ஆனா வெறும் தரையிலேருந்து வீடு கட்டுறது வேற, பூட்டிக் கெடந்த நல்ல வீட்டைத் தொறந்து வெள்ளையடிக்கிறது வேற. அப்புறம் அங்க இருந்த அசிஸ்டென்ட் கோச்சுங்களை அப்படியே பெட்டி படுக்கையோட இங்க கூட்டிட்டு வந்தார். நாங்க ஆடுற பிக் டென் லீக்ல எதிர் டீம் லைன்மேன், அதான் முன்வரிசைல மோதுறவன், ஒவ்வொருத்தனும் பீரோ சைஸ், ஃப்ளோரிடா ஸ்பீடு ஆட்டம் அவன்கிட்ட எடுபடல.

இன்னொண்ணு ஸ்பெஷல் டீம்ஸ், அதான் கிக்கு, பன்ட்டு (பந்தை எதிர் டீம்கிட்ட தூரமா உதைச்சு விடுறது), ஃபீல்டு கோல் சமாச்சாரம். 2021ல அதுக்குன்னு முழு நேர கோச்சே கிடையாது, இன்னொரு வேலை பாக்குறவர் கூடுதலா பாத்துக்கிட்டார். மிச்சிகன் ஸ்டேட் மேட்ச்ல நாங்க லீடுல இருக்கோம், நாலாவது குவார்ட்டர், பன்ட்டு அடிக்கணும். எங்க பசங்க பத்து பேரும் ஒரு பக்கம் ஓடுறாங்க, பந்து இன்னொரு பக்கம் போகுது. அதைப் புடிச்ச அவங்க ஆளு காலி ரோட்டுல போற மாதிரி ஓடி டச்டவுன் போட்டான். ஓவர்டைம்ல தோத்தோம். அந்த வருஷம் ஒன்பது தோல்வியும் ஒன்பது பாயின்ட்டுக்குள்ள. "லக் இல்ல"ன்னு நானும்தான் சொன்னேன். ஒத்தை ஸ்கோர் (எட்டு பாயின்ட்டுக்குள்ள) வித்தியாசத்துல முடிஞ்ச மேட்ச் ஃப்ராஸ்ட்டுக்கு மொத்தத்துல 5-22. ரெண்டு மூணு தோத்தா லக்கு, இருபத்திரெண்டு தோத்தா அது வேற.

அதே 2021ல இன்னொரு கொடுமை. இங்க நம்மாளுங்க நடத்துற தீபாவளி விழாவ ஓஹையோ ஸ்டேட் மேட்ச் அன்னிக்கே வச்சாங்க, நவம்பர் 6, சனிக்கிழமை. ஞாயித்துக்கிழமை வையுங்கன்னு ஆகஸ்ட்லேருந்து சொன்னேன். நாலு வருஷம் சவுண்டு சிஸ்டம் தூக்குனவன் நான், அந்த மரியாதைக்காவது கேக்கலாம்ல? மேட்ச் பாத்துட்டுப் போனா பிரியாணி தீந்துடுச்சு, அடில ஒட்டுன தயிர் சாதத்துக்குப் பதினஞ்சு டாலர் வாங்கிக்கிட்டாங்க. வாட்ஸ்அப் குரூப்ல இன்னிக்கும் நான் "பந்து கிறுக்கன்"தான். சரி விடுங்க.

2022 செப்டம்பர் 10 ராத்திரி ஜார்ஜியா சதர்ன் மேட்ச், ஸ்டேடியத்துல இருந்தேன். காசு குடுத்து நாம கூப்பிடுற, அடி வாங்கிட்டுப் போக வேண்டிய டீம் அது. எங்ககிட்ட 642 யார்டு எடுத்தாங்க. அது வரைக்கும் சொந்த கிரவுண்டுல 35 பாயின்ட்டோ அதுக்கு மேலயோ அடிச்சா நெப்ராஸ்கா தோத்ததே இல்ல, 214-0. அன்னிக்கு 42 அடிச்சும் 45-42 தோத்தோம். 36 செகண்ட் இருக்கப்ப அவங்க குவார்ட்டர்பேக் நடந்து போற மாதிரி உள்ள போனான். நான் சைடுலைனைப் பாத்தேன். நம்ம டிஃபன்ஸ் பசங்க ஹெல்மெட்டைக் கழட்டி பெஞ்சுல உக்காந்தாங்க, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. யாரும் யாரையும் திட்டக்கூட இல்ல, அதான் எனக்கு பயமா இருந்துச்சு. மறுநாளே ஃப்ராஸ்ட் அவுட். அக்டோபர் 1 வரைக்கும் பொறுத்திருந்தா செட்டில்மென்ட் ஏழரை மில்லியன் டாலரோட போயிருக்கும். 15 மில்லியன் குடுத்து அனுப்புனாங்க.

அதனால உங்க ஆளைப் பத்தி நான் கேக்குறது: பழைய இடத்துல ஜெயிச்ச பசங்க யாரு கூட்டிட்டு வந்தவங்க? கூட வர்ற கோஆர்டினேட்டர் (அட்டாக்கையோ டிஃபன்ஸையோ பாத்துக்குற கோச்) யாரு, லைன் கோச் யாரு? பன்ட்டுக்கு யாரு பொறுப்பு? டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (பசங்க வேற காலேஜ் டீமுக்கு மாறுறதுக்கான சிஸ்டம்) வந்தப்புறம் இன்னொண்ணும் சேந்துடுச்சு, பழைய டீம்லேருந்து எத்தனை பேர் அவர் பின்னாடி கெளம்பி வராங்க? இண்டியானாவுக்கு கர்ட் சிக்னெட்டி கோச்சா வந்தப்ப அவரோட பழைய ஜேம்ஸ் மேடிசன் யூனிவர்சிட்டி டீம்லேருந்து 13 பேர் கூடவே வந்தாங்க, 3-9 டீம் அடுத்த வருஷமே 11-2. எந்த ரெக்கார்டையும் விட எனக்கு அது பெருசாத் தெரியுது. பிரஸ் மீட்ல பேசுறத மட்டும் நம்பிடாதீங்க, ரைலி அருமையா பேசுவார்.

ஃப்ராஸ்ட்டுக்கு அப்புறம் மேட் ரூல்ங்கறவர் கோச்சா வந்தப்ப, எட்டு வருஷம் 74 மில்லியன் டாலர்னு கையெழுத்து போட்ட அன்னிக்கே பழைய ஷீட்டைத் திரும்பத் தொறந்தேன். டெம்பிள் யூனிவர்சிட்டில மொத வருஷம் 2-10, மூணாவது வருஷம் 10-4. பெய்லர் யூனிவர்சிட்டில மொத வருஷம் 1-11, மூணாவது வருஷம் 11-3. ரெண்டு இடத்துலயும் அடிமட்டத்துலேருந்து ஏத்துனவர், ஆனா நியூயார்க்காரர், இந்த ஊருக்கும் அவருக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. என் ஷீட்டு குடுத்த மார்க் 68. மொத வருஷம் 5-7, 2024ல 7-6, எட்டு வருஷத்துக்கப்புறம் ஒரு பவுல் மேட்ச் ஆடி ஜெயிச்சோம். மேனேஜர் பழைய பேப்பரைக் கழட்டி என்கிட்டயே குடுத்துட்டு "புதுசு எங்க"ன்னு கேட்டுட்டே இருக்காரு. காட்டல.

ஷீட்டு வேணும்னா இன்பாக்ஸ்ல வாங்க, அனுப்பறேன். அதுல "சொந்த மண்"ணுக்கான கட்டம் இன்னும் இருக்கும், டெலீட் பண்ண மனசு வரல, மார்க்கை மட்டும் ஜீரோ ஆக்கி வச்சிருக்கேன்.