பெரிய அளவு ஆடைத் தொழில்: மானியக் கடனும் லாட் சரக்கும் வேண்டுமா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதுகிறார்: "எனக்கு 36 வயது. மார்புச் சுற்றளவு 50 அங்குலம். என் அளவுக்கு ஆடை கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கிப் பட்ட அவமானம் போதும் என்று, எட்டு மாதங்களாக வீட்டிலேயே 3 எக்ஸ்எல் முதல் 7 எக்ஸ்எல் வரை குர்த்தி, நைட்டி தைத்து, நானே அணிந்து படம் எடுத்து, இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்று வருகிறேன். மாதம் இருபது உருப்படிகளைத் தாண்ட முடியவில்லை. கடன் ஆலோசகர் ஒருவர், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் கடனும் அதில் 35 சதவீதம் மானியமும் வாங்கித் தருவதாகச் சொல்லி, முன்பணமாக 25,000 ரூபாய் கேட்கிறார். அந்தக் கடனில் சூரத்திலிருந்து பெரிய அளவுச் சரக்கை லாட்டாக, அதாவது மொத்தமாக, எடுக்கலாம் என்கிறார். ஆதார், பான் நகல்களை வாங்கிச் சென்றிருக்கிறார். ஒல்லியான மாடலை வைத்துப் படம் எடுத்தால்தான் விற்கும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இப்போது பெங்களூருவிலிருந்தும் ஆர்டர் வருகிறது. நான் என்ன செய்யட்டும், அம்மா?"

முதலில் அந்த 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மற்றவற்றைப் பிறகு நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் குறிப்பிடும் திட்டம் புதிதாகத் தொடங்கப்படும் தொழில்களுக்கு மட்டுமே உரியது. எட்டு மாதங்களாக ஆடை தைத்து விற்று, அதற்கான பணம் உங்கள் வங்கிக் கணக்கில் வரவாகிக்கொண்டிருக்கும்போது, அதே தொழிலைப் புதிய தொழில் என்று காட்டி விண்ணப்பிப்பது பொய்த் தகவல் தருவதாகும். அதைச் செய்யச் சொல்லும் தரகருடைய கையெழுத்து எந்தத் தாளிலும் இருக்காது, உங்களுடையதுதான் இருக்கும். அவர் சொல்லும் 35 சதவீதமும் பாதி உண்மைதான். பெண்களுக்குக் கிராமப்புறத்தில் 35 சதவீதமும் நகர்ப்புறத்தில் 25 சதவீதமும் மானியம் உண்டு. உங்கள் வீடு எந்த எல்லைக்குள் வருகிறது என்று கேட்காமலேயே அவர் 35 என்று சொல்லியிருக்கிறார். அந்த மானியம் உங்கள் கைக்கும் வராது. மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக நிறுத்தி வைக்கப்பட்டு, தொழில் உண்மையில் நடக்கிறது என்று உறுதியான பிறகே கடனில் கழிக்கப்படும். ஆகவே மானியம் வந்ததும் சரக்குக்குக் கொடுத்துவிடலாம் என்ற கணக்கு முதல் நாளே உடைந்துவிடும்.

இத்தகைய தரகர்கள் பெருகுவதற்கு அரசு அமைப்பின் அலட்சியமே பெரிய காரணம் என்பதை நான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விண்ணப்பம் இலவசம், இணையத்தில் நேரடியாகச் செய்யலாம், மாவட்டத் தொழில் மையத்தில் இலவசமாக வழிகாட்டுவார்கள் என்றெல்லாம் சுவரொட்டியில் இருக்கிறது. ஆனால் ஒரு பெண் நேரில் போய்க் கேட்டால் அந்த அதிகாரி இன்று இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று மூன்று முறை திருப்பி அனுப்புகிறார்கள். நான்காவது முறை அலுவலக வாசலில் நிற்கும் தரகர்தான் அவரை உட்காரவைத்துப் பேசுகிறார். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் கைப்பேசியிலேயே முடித்துவிடலாம். அதற்கும் இரண்டாயிரம், மூவாயிரம் என்று பணம் கொடுத்துவிட்டு என்னிடம் வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

உங்களுக்கு இப்போது கடன் தேவைப்பட்டால், அது துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓர் ஓவர்லாக் இயந்திரத்துக்கும் இரண்டு மாதத் துணிக்கும் போதுமானதாக இருந்தால் போதும். முத்ரா திட்டத்தின் முதல் நிலையான சிசுப் பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். நடக்கும் தொழிலுக்கும் அது உண்டு. சொத்து அடமானம் கேட்கக் கூடாது. வங்கிக் கிளையில் மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். அப்படிக் கேட்ட பிறகு பேச்சின் தொனி மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடுத்தது லாட் சரக்கு. 22 ஆண்டுகளாகத் திருப்பூரில் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான மாதிரி வடிவம்) வேலையில் இருப்பவள் என்ற முறையில், உங்கள் கடிதத்திலேயே என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். மொத்த வியாபாரத்தில் ஆடைகளைச் செட்டாகத்தான் தருவார்கள். உங்களுக்குத் தேவையான 5, 6, 7 எக்ஸ்எல் மட்டும் பிரித்துத் தர மாட்டார்கள். விற்காத அளவுகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஏமாற்று லேபிளில் இருக்கிறது. 4 எக்ஸ்எல் என்று லேபிள் தைத்த குர்த்தியை மேசையில் விரித்து அளந்தால், ஆடையின் மார்புச் சுற்றே 46 அங்குலம் இருக்கும். ஆடைக்குள் உடல் அசைவதற்குக் குறைந்தது நான்கு அங்குலம் தளர்வு வேண்டும் என்பதால், அது 42 அங்குல உடலுக்குத்தான் பொருந்தும். கேட்டால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வோர் அளவு என்பார்கள். வருத்தமான உண்மை என்னவென்றால், அதைப் பொய் என்று நிரூபிக்க வழியில்லை. தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகம் ஆறு நகரங்களில் 25,000 பேருக்கு மேல் முப்பரிமாணக் கருவியால் அளந்து இந்திய உடலுக்கான அளவு அட்டவணை தயாரிக்கும் பணியை அறிவித்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. நான் வேலை செய்யும் எந்த யூனிட்டின் வெட்டுமேசைக்கும் அந்த அட்டவணை இன்னும் வந்து சேரவில்லை.

உங்கள் வாடிக்கையாளர் உங்களிடம் ஏன் வருகிறார் என்று யோசியுங்கள். கடையில் கொடுத்த ஆடை கைக்குழியில் இறுகி, விற்பனைப் பெண்ணின் முன்னால் கூசிப்போய்த் திரும்பியவர் அவர். நீங்கள் அனுப்பும் ஆடையும் அதேபோல் இறுகினால், இங்கேயும் எனக்கு இடமில்லை என்றுதான் அவர் நினைப்பார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்த நினைப்பு மாறாது. எந்த உடலும் கேலிக்குரியதல்ல என்று உங்கள் பக்கத்தில் எழுதியிருப்பதை அவர் நம்புவதும் நம்பாமல் போவதும், ஆடை கைக்குழியில் எப்படி அமர்கிறது என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தொழிற்சாலையில் பெரிய அளவு டாப்ஸ் ஆர்டர் வந்தது. எல் அளவு பேட்டர்னை வைத்துக்கொண்டு, எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் கூட்டி 4 எக்ஸ்எல் வரை கொண்டுபோனோம். அறுநூறு உருப்படிகள் தைத்து முடிந்த பிறகு அணிந்து பார்த்தால், கழுத்து அகன்று தோளிலிருந்து நழுவியது. மேற்கையோ இறுகிப் பிடித்தது. உடல் பருக்கும்போது எல்லா இடத்திலும் சமமாகப் பருக்காது. மார்பும் வயிறும் மேற்கையும் கூடும் அளவுக்குத் தோள் எலும்பும் கழுத்தும் கூடுவதில்லை. எனவே எல் அளவை நீட்டிப் பெரிய அளவு செய்யாமல், 5 எக்ஸ்எல்லுக்கு என்றே தனி அடிப்படைப் பேட்டர்ன் போட்டு, அதை உண்மையான உடலில் அணிவித்துத் திருத்தி, அதிலிருந்து மேலே இரண்டு, கீழே இரண்டு அளவுகளுக்கு மட்டும் கிரேடிங் (பேட்டர்னைக் கூட்டிக் குறைப்பது) செய்ய வேண்டும். உங்கள் கட்டிங் மாஸ்டர் இதற்கு முகம் சுளித்தால், இரண்டு சாம்பிளுக்கான கூலியைத் தனியாகக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அணிந்து பார்க்க நீங்களே இருக்கிறீர்கள் என்பது, பல லட்சம் முதலீடு போட்டவர்களுக்கும் இல்லாத வசதி.

எட்டு மாதங்களில் நூறு பேருக்கு மேல் உங்களிடம் வாங்கியிருப்பார்கள். அவர்கள் சம்மதத்துடன் மார்பு, இடுப்பு, மேற்கை, கைக்குழி, தோள், உயரம் ஆகிய ஆறு அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். லிதுவேனியாவிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய தையற்காரர் லீனா பிரையன்ட் இதைத்தான் செய்தார். கைம்பெண்ணாகத் தையல் இயந்திரத்தை நம்பிப் பிழைத்தவர் அவர். வங்கிப் படிவத்தில் பெயர் தவறாக விழுந்ததால் லேன் பிரையன்ட் என்றே அவருடைய கடை வழங்கலாயிற்று. அங்கே கர்ப்பிணிகளுக்கு ஆடை தைத்தவர், பருமனான பெண்களும் ஆடை கேட்டு வரவே, இரண்டாம் கணவர் ஆல்பர்ட் மால்சினுடன் சேர்ந்து சுமார் 4,500 வாடிக்கையாளர்களின் அளவுகளையும், ஒரு காப்பீட்டு நிறுவனத்திடமிருந்த ஏறக்குறைய 2,00,000 பெண்களின் விவரங்களையும் திரட்டி, அவற்றிலிருந்து உடல்வாகுகளை வகைப்படுத்தித் தைத்தார். 1923-க்குள் பெரிய அளவு ஆடைகளின் விற்பனை அவருடைய கர்ப்பகால ஆடைகளின் விற்பனையை மிஞ்சிவிட்டது. அந்த நிலைக்கு வர அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு அருகில் பிடித்தது. எட்டு மாதத்தில் மாதம் இருபது உருப்படி என்பது தோல்வி அல்ல. அந்த இருபதில் எத்தனை பேர் இரண்டாம் முறை வாங்கியவர்கள் என்பதைத்தான் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

லேபிளில் 5 எக்ஸ்எல் என்பதோடு சென்டிமீட்டர் அளவையும் அச்சிடுங்கள். பொட்டலமாக இல்லாமல் திறந்த நிலையில் விற்கும் ஆயத்த ஆடைகளில், தயாரிப்பாளர் பெயர், புகார்த் தொடர்பு, அதிகபட்ச விலை ஆகியவற்றுடன் சென்டிமீட்டரிலும் அளவு இருக்க வேண்டும் என்று 2022-இல் விதியே வந்திருக்கிறது. பலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. நீங்கள் பின்பற்றினால் திரும்பி வரும் பார்சல்கள் குறையும்.

விலையில் ஒரு நுணுக்கம் உண்டு. 58 அங்குல அகலத் துணியில், 40 அங்குல உடலுக்கான குர்த்தியின் முன்பாகமும் பின்பாகமும் அருகருகே அமர்ந்துவிடும். ஒரு நீளத் துணியே போதும். உங்கள் 50 அங்குல உடலுக்கு, தளர்வும் தையல் விடுப்பும் சேர்த்து ஒவ்வொரு பாகமும் ஏறக்குறைய 29 அங்குலம் வரும். துணியின் கரையைக் கழித்தால் இரண்டும் அருகருகே அமராது, இரண்டு நீளத் துணி தேவைப்படும். அதாவது துணிச் செலவு அளவோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறாமல், ஓரிடத்தில் திடீரென்று படியேறுகிறது. மீந்த அகலத்தில் சிறு அளவுகளின் கைகளை வெட்டிக்கொள்ளும்படி மாஸ்டரிடம் சொல்லுங்கள். பிறகு எல்லா அளவுகளுக்கும் சராசரி செலவு கண்டு ஒரே விலை வையுங்கள். பருமனுக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கும் கடைகளிலிருந்து தப்பித்துத்தான் அவர்கள் உங்களிடம் வருகிறார்கள்.

பெங்களூரு ஆர்டருக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பனை மட்டும் செய்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் மாநில எல்லையைத் தாண்டி ஒரே ஒரு குர்த்தியை விற்றாலும் பதிவு கட்டாயம். ஒரு விதிவிலக்கைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் இதில் தவறான தகவலைச் சொல்லித்தான் பதிவுத் தரகர்கள் பணம் பறிக்கிறார்கள். பெரிய இணைய அங்காடிகளின் வழியாக விற்பதற்கு முன்பெல்லாம் எவ்வளவு சிறிய வியாபாரியும் பதிவு செய்தே ஆக வேண்டும். 1.10.2023 முதல் அது தளர்த்தப்பட்டது. உங்கள் விற்றுமுதல் வரம்புக்குள் இருந்து, ஒரே மாநிலத்துக்குள் மட்டும் விற்று, பான் எண் விவரத்தைத் தந்து ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்றுக்கொண்டால், முழுப் பதிவு இல்லாமலேயே அங்காடியில் விற்கலாம். அந்த எண்ணுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் சொந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஆர்டர் வாங்கி நீங்களே அனுப்புவது அங்காடி விற்பனை ஆகாது. அதற்கு இந்த எண்ணும் வேண்டாம். பெங்களூருவுக்கு அனுப்பும் நாளில் இந்தச் சலுகை எதுவும் பொருந்தாது. மாதம் ஐந்தாறு வெளிமாநில ஆர்டர்களாவது உறுதியாக வரும்வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்பதுதான் உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து.

படங்களைப் பற்றி உறவினர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். நீங்களே அணிந்து, அளவையும் உயரத்தையும் படத்துக்குக் கீழே எழுதி, ஃபில்டர் போடாமல், உட்கார்ந்த நிலையிலும் கையைத் தூக்கிய நிலையிலும் படம் எடுங்கள். வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது அதுதான். ஒல்லியாகக் காட்டும், வயிற்றை மறைக்கும் போன்ற சொற்களை விளம்பரத்தில் எழுதாதீர்கள். அவை பழைய கேலியையே வேறு குரலில் சொல்கின்றன. வாடிக்கையாளர் அனுப்பும் படத்தை, அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் பதிவிட வேண்டாம்.

உங்களைப் பின்தொடர்பவர்கள் பெருகியதும் எடைகுறைப்புப் பொடி, தேநீர் விற்பவர்கள், பணம் தருகிறோம், எங்கள் விளம்பரத்தை உங்கள் பக்கத்தில் போடுங்கள் என்று உங்களிடம் கட்டாயம் வருவார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும்கூட, உங்களை நம்பி வந்த பெண்களிடம் அந்தப் பொடியை விற்க உங்களுக்கு மனம் வராது என்று நம்புகிறேன்.

கடைசியாக, அந்தத் தரகர் கொண்டுபோன ஆதார், பான் நகல்கள். வெற்றுத் தாளிலோ நிரப்பாத காசோலையிலோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள். தர மறுத்தால், அந்தக் காசோலைக்குப் பணம் வழங்க வேண்டாம் என்று உங்கள் வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை இப்போதே எடுத்து, உங்கள் பெயரில் தெரியாத கடன் விண்ணப்பம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வங்கிக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, அதன் நகலோடு காவல் நிலையத்திலும் புகார் அளியுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அறிக்கையைப் பாருங்கள்; இரண்டாம் முறைக்குச் சிறு கட்டணம் கேட்பார்கள், அதைக் கட்டிவிடலாம்.