நிதித் துறைக்கான பாதை எந்தக் குழுவில் தொடங்குகிறது?

கேள்வி: இரண்டாம் முறையாக நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்வாகியிருக்கிறேன். மகளிர், குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருக்கும்படி கட்சி கேட்கிறது. பொதுக் கணக்குக் குழுவில் சாதாரண உறுப்பினராகச் சேரவும் இடம் இருக்கிறது. பிற்காலத்தில் நிதி அமைச்சராக வேண்டும் என்பதே என் விருப்பம். எதை ஏற்பது?

பதில்: அரசின் செலவுகளையும் அவற்றின் தணிக்கை அறிக்கைகளையும் ஆராயும் பொதுக் கணக்குக் குழுவின் உறுப்பினர் இடத்தையே ஏற்றுக்கொள்ளுங்கள். தலைவர் பதவியை மறுப்பது எளிதன்று என்பதையும், மகளிர் நலம் சிறிய பொருள் அன்று என்பதையும் அறிந்தே இதைச் சொல்கிறேன்.

அமைச்சரவையில் எல்லா இலாகாக்களும் ஒரே எடை உடையவை அல்ல. சுகாதார அமைச்சர் மருத்துவமனை கட்ட நினைத்தாலும், கல்வி அமைச்சர் ஆசிரியர்களை நியமிக்க நினைத்தாலும், அந்தக் கோப்பு நிதித் துறையின் ஒப்புதலுக்கு வந்தே தீரும்; நிதித் துறையின் கோப்பு அவர்களிடம் போக வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. பிற துறைகளின் கோப்பை நிறுத்தவோ விடுவிக்கவோ எதனால் முடிகிறதோ அதுவே வலிமையான துறை. பாதுகாப்பு, உள்துறை, வெளியுறவு ஆகியவற்றின் வலிமை வேறு வகையானது: அரசின் தலைவர் அடிக்கடி கலந்து பேசும் சிறிய வட்டத்தில் அவற்றின் அமைச்சர்களுக்கு இடம் உண்டு.

இந்த இடங்களில்தான் பெண்கள் மிகக் குறைவு. ஐ.நா. பெண்கள் அமைப்பும் நாடாளுமன்றங்களுக்கு இடையிலான ஒன்றியமும் 2023 ஜனவரி நிலவரப்படி வெளியிட்ட கணக்கில், உலக அளவில் துறைகளுக்குத் தலைமை வகித்த அமைச்சர்களில் பெண்கள் 22.8 சதவீதம். பாதுகாப்புத் துறையை மட்டும் எடுத்தால் அது 12 சதவீதமாகவும், எரிசக்தியில் 11 சதவீதமாகவும், போக்குவரத்தில் 8 சதவீதமாகவும் குறைகிறது. பாலினச் சமத்துவத் துறைகளிலோ பெரும்பான்மையினர் பெண்களே.

இந்தப் பிரிவினை அமைச்சரவைப் பட்டியல் தயாராகும் நாளில் உண்டாவதில்லை. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, உங்களுக்கு இப்போது நேர்ந்திருப்பதுபோல, குழுக்களுக்கு ஆட்களைப் பிரிக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. ஆண் உறுப்பினர் வரவு செலவுக் கணக்கைப் படிக்கும் இடத்துக்குப் போகிறார். பெண் உறுப்பினர் நலத்திட்டங்களைப் பார்க்கும் இடத்துக்கு அனுப்பப்படுகிறார். பின்னாளில், நிதித் துறைக்கு அனுபவமுள்ள பெண் எவரும் இல்லை என்று சொல்லப்படும்போது, அந்த அனுபவம் கிடைக்கும் நாற்காலியில் அவரை உட்காரவிடாதது யார் என்று எவரும் கேட்பதில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் அநீதி.

பாதையை முன்கூட்டியே அமைத்துக்கொண்டவர் என்று சிலியின் மிச்செல் பாச்செலெட்டைச் சொல்வேன். குழந்தை மருத்துவரான அவர் 1990களின் பிற்பகுதியில், எவரும் கேட்காத நிலையில், இராணுவ உத்தியைத் தாய்நாட்டிலும் பின்னர் வாஷிங்டனிலும் முறையாகப் பயின்றார். 2000இல் அவருக்குக் கிடைத்தது சுகாதாரத் துறை. ஆனாலும் 2002இல் பாதுகாப்பு அமைச்சரானபோது அத்துறை அவருக்குப் புதிதாக இருக்கவில்லை; 2006இல் நாட்டின் அதிபரானார்.

நிதித் துறைக்கு வந்த பெண்களிடம் இன்னொரு தடமும் தெரிகிறது. பிரான்சின் கிறிஸ்டின் லகார்ட் (2007), இந்தியாவின் நிர்மலா சீதாராமன் (2019), கனடாவின் கிறிஸ்டியா ஃப்ரீலேண்ட் (2020) ஆகிய மூவரும் அதற்கு முன்பே வர்த்தகத் துறையின் பொறுப்பை வகித்தவர்கள். ஒப்பந்தப் பேச்சு, சுங்க வரி, தொழில் துறையினருடன் பழக்கம் என்று அங்கே சேரும் அறிமுகம் நிதித் துறைக்கு நேராகப் பயன்படும். ஆகவே, முதல் முறை இணை அமைச்சராகும் வாய்ப்பு வந்தால், பெயர் பெரிதாக உள்ள துறையைவிட வர்த்தகத்தையோ தொழிலையோ கேளுங்கள். 2024இல் பிரிட்டனின் முதல் பெண் நிதியமைச்சரான ரேச்சல் ரீவ்ஸ், எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபோதே நிழல் அமைச்சரவையில், அதாவது ஒவ்வோர் அமைச்சருக்கும் எதிராக எதிர்க்கட்சி நியமிக்கும் பேச்சாளர் குழுவில், நிதி சார்ந்த பொறுப்புகளை ஏற்றிருந்தார். எதிர்க்கட்சிக் காலம் வீணான காலம் அன்று.

கட்சி பிடிவாதமாக நலக் குழுவையே தந்தால், நிபந்தனையோடு ஏற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண்ணான பிரான்சிஸ் பெர்கின்ஸ், 1933இல் தொழிலாளர் துறையை ஏற்பதற்கு முன், வேலையின்மைக் காப்பீடு, முதியோர் ஓய்வூதியம் உட்படத் தாம் செய்ய விரும்பியவற்றைப் பட்டியலிட்டு, அதிபராகத் தேர்வாகியிருந்த ரூஸ்வெல்ட்டின் ஆதரவைக் கேட்டுப் பெற்ற பிறகே சம்மதித்தார். அவ்விரண்டும் 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்றன. பேரம் பேசும் வலிமை பதவி ஏற்பதற்கு முன்பே அதிகம் என்பதால், எந்தப் பதவியானாலும் ஒதுக்கீடு எவ்வளவு, துறைச் செயலாளரைத் தேர்வு செய்வதில் உங்களுக்குக் குரல் உண்டா, எந்த அமைச்சரவைக் குழுக்களில் இடம் கிடைக்கும் என்ற மூன்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

உங்கள் விருப்பத்தை இந்த வாரமே கட்சிக் கொறடாவிடம் எழுத்தில் கொடுங்கள். குழுப் பட்டியல் அவைக்கு வந்த பின் மாற்றுவது கடினம். கணக்குக் குழுவில் சேர்ந்ததும், எல்லாவற்றையும் மேலோட்டமாகப் பார்க்காமல், ஒரே ஒரு பெரிய துறையின் தணிக்கை அறிக்கைகளை மூன்று ஆண்டுகளுக்குத் தொடர்ந்து படித்து, ஒவ்வோர் அமர்விலும் அதைப் பற்றியே அதிகாரிகளிடம் கேள்வி கேளுங்கள்.